அரிசியில் வண்டா? துரத்தாதே, வரவழை

அரிசியைச் சல்லடையில் சலிச்சு, வண்டையெல்லாம் வாசலில் தட்டிவிட்டு, அதே அரிசியை அதே டப்பாவில் கொட்டி மூடி வைக்கிறே பாரு, அந்தப் பழக்கத்தை முதல்ல விடு. சலிச்ச அன்னைக்கு டப்பா சுத்தமாத்தான் தெரியும். ஒரு மாசம் கழிச்சுத் திறந்தால் மறுபடி ஊரும். அப்புறம் கடைக்காரரைத் திட்டுவே, மழையைத் திட்டுவே, ஊர்லேர்ந்து மூட்டை அனுப்பின மாமியாரையும் மனசுக்குள்ள திட்டுவே.

அவங்க யார் மேலேயும் தப்பு இல்லை. பெண் வண்டு தன் மூக்கால் ஒரு அரிசி மணியைக் குடையும், உள்ளே ஒரு முட்டை வைக்கும், பசை மாதிரி ஒண்ணு சுரந்து ஓட்டையை அடைச்சுட்டுப் போயிடும். முட்டை, புழு, கூட்டுப்புழு, எல்லாம் அந்த ஒரே மணிக்குள்ளேதான். நம்ம திருச்சி சூட்டில் கிட்டத்தட்ட 30, 35 நாளில் வளர்ந்த வண்டா வெளியே வரும். அதனால் சல்லடையில் விழுந்தது வெளியே நடமாடினவை மட்டும். உள்ளே வளர்ற தலைமுறையை நீயே பத்திரமா டப்பாவில் போட்டு மூடியிருக்கே.

நடமாடினவையும் முழுசா விழுந்திருக்காது. டப்பாவை ஆட்டினதும் மூக்கு வண்டு காலை மடக்கிக்கிட்டுச் செத்த மாதிரிக் கிடக்கும். செத்துடுச்சேன்னு முறத்து ஓரத்தில் ஒதுக்கி வைப்பே. ஐந்து நிமிஷம் கழிச்சு எழுந்து நடந்து போகும்.

நான் சொல்றதைக் கேளு. வண்டைத் தேடிப் போகாதே. அது எங்கே போக ஆசைப்படும்னு தெரிஞ்சுக்கோ, அங்கே பொறியை வை. வேலைக்கும் போய்ட்டு வீட்டையும் பார்க்கிற உனக்கு, தினம் முறம் வெச்சுப் புடைக்க நேரம் ஏது?

ஆள் யாருன்னு முதல்ல பாரு

எல்லாத்தையும் "பூச்சி"ன்னு ஒரே பேரில் கூப்பிட்டால் வைத்தியம் தப்பாத்தான் போகும். ஒவ்வொண்ணுக்கும் ஆசை வேற, புத்தி வேற.

• மூக்கு வண்டு. அரிசியில் வர்ற கறுப்பு, பழுப்பு வண்டு. முகத்தில் நீளமா மூக்கு இருக்கும். முழு மணிதான் இதுக்கு வீடு. சுவர், டப்பாவின் உள்பக்கம் எல்லாம் ஏறும். பல மாசம் உயிரோட இருக்கும். தவிடு போகாத அரிசின்னா இதுக்குக் கொண்டாட்டம். மாப்பிள்ளைச் சம்பா, கைக்குத்தல்னு ஆரோக்கியத்துக்கு 10 கிலோ வாங்கி அடுக்காதே. அதையெல்லாம் சின்னச் சின்னதா வாங்கணும்.

• சிவப்பு மாவு வண்டு. கோதுமை மாவு, ரவை, குருணை இருக்கிற இடத்தில் வரும். முழு அரிசியை உடைக்க இதுக்குப் பல் வலு போதாது. தூளும் நொய்யும் இருந்தால்தான் குடும்பம் பெருகும். மாவில் கூட்டம் மிஞ்சினால் ஒரு நெடியான திரவத்தை விடும். மாவு லேசா இளஞ்சிவப்பாகி, காரமா ஒரு வாடை அடிக்கும். அந்த நெடி தாங்காமல் அதுங்களே கிளம்பிப் பக்கத்து டப்பாவுக்குப் போகும். "நேத்து வரைக்கும் ரவையில் ஒண்ணுமே இல்லையே"ன்னு நீ ஆச்சரியப்படுறது இதனால்தான்.

• பயறு வண்டு. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை. குண்டா, குட்டையா, பறக்கும். பயறு மேல வெள்ளைப் புள்ளியா ஒட்டிக்கிட்டிருக்கே, அழுக்குன்னு நினைச்சியா? முட்டை! வளர்ந்த வண்டு எதையும் தின்னாது, பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆயுசு. அதுக்குள்ளே ஒரு பெண் சுமார் 100 முட்டை ஒட்டிடும். இது உன் அலமாரியில் பிறந்ததும் இல்லை, வயலில் காய் முற்றும்போதே ஏறி வந்தது.

• மசாலா வண்டு. மல்லி, மஞ்சள், மிளகாய்த்தூளில் வர்ற சின்னப் பழுப்பு உருண்டை. புகையிலையையும் விடாததால் சிகரெட் வண்டுன்னு பேர். பிளாஸ்டிக் பாக்கெட்டையே துளைக்கும். தூள் பாக்கெட்டில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை இருந்தால் இதோட வேலை.

• நெல் துளைப்பான். வீட்டில் நெல் வெச்சிருக்கிறவங்களுக்கும் மில்காரங்களுக்கும் தலைவலி. நல்லாப் பறக்கும், விளக்கு வெளிச்சத்துக்கு வரும். தானியத்தைக் குடைஞ்சு மாவா உதிர்க்கும்.

காற்றுக்கு ஆசைப்படும் வண்டு

தானியத்துக்குள்ளே புதைஞ்சு கிடக்கிற வண்டு காற்று இருக்கிற பக்கமா நகரும், சும்மா இருக்காமல் அலைஞ்சுக்கிட்டே இருக்கும். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் பேராசிரியரா இருந்த எஸ். மோகன் இந்த ரெண்டு குணத்தையும் பிடிச்சுக்கிட்டு ஒரு வரிசைப் பொறிகளே உருவாக்கினார். தானியத்தில் குழாய் சொருகிப் பிடிக்கிற யோசனை உலகத்துக்குப் புதுசு இல்லை. 1967-லேயே கனடாவில் பித்தளையில் செய்து பார்த்திருக்காங்க. ஆனால் விலை குறைஞ்ச பிளாஸ்டிக்கில், நம்ம வீட்டு டப்பாவுக்கு ஏத்த அளவில் வந்தது இங்கேதான். மருந்து கிடையாது, கரண்ட் கிடையாது. உனக்கு வேண்டியது அதுதானே?

1. அரிசிக்குக் குழாய்ப் பொறி. உடம்பு முழுக்க 2 மில்லிமீட்டர் ஓட்டை, மேலே சிவப்பு மூடி, கீழே கழற்றுகிற மாதிரி வெள்ளைக் கூம்பு. அரிசிக்குள்ளே நேரா நிறுத்து. சிவப்பு மூடி அரிசி மட்டத்துக்குச் சமமா இருக்கணும். வண்டு காற்றைத் தேடி ஓட்டை வழியா உள்ளே வரும், வழுக்கிக் கூம்பில் விழும், ஏறி வர வழி கிடையாது.

2. படுக்க வைக்காதே, அடியில் போய்ப் புதைக்காதே. சேமிக்க ஆரம்பிச்ச புதுசில் வண்டு நடமாட்டம் மேல் 6 அங்குலத்தில்தான் அதிகம். 25 கிலோ பிடிக்கிற டப்பாவுக்கு 2, 3 பொறி வேணும். ஒண்ணே ஒண்ணை நடுவில் குத்திட்டு "ஒண்ணும் பிரயோஜனம் இல்லை அக்கா"ன்னு சொல்லாதே.

3. வாரம் ஒரு தடவை கூம்பைக் கழற்றி, சோப்புத் தண்ணியில் கொட்டு. பால்கனியிலேர்ந்து தட்டாதே. பறக்கத் தெரிஞ்சது திரும்பி வரும், இல்லாட்டி கீழ் வீட்டுக்குப் போகும்.

4. ரெண்டு வாரத்தில் வண்டு விழுறது நின்னுடுச்சுன்னு எடுத்துடாதே. ஆரம்பத்தில் சொன்ன கணக்கை நினைச்சுப் பாரு. உள்ளே இருக்கிறது வெளியே வர ஒரு மாசம் ஆகும். குறைஞ்சது 6 வாரம் பொறி அங்கேயே நிக்கட்டும். சரியா வெச்சால் 2, 3 வாரத்திலேயே நடமாடுறதில் 80 சதவீதத்துக்கு மேல் மாட்டும்னு பல்கலைக்கழகமே சொல்லுது. மிச்சம் இருக்கிறதுதான் அடுத்த கூட்டத்துக்கு அப்பா அம்மா.

5. பயறுக்கு இதே பொறி பாதி வேலைதான் செய்யும். பயறு வண்டு ஆழத்துக்குப் போகாமல் மேல்பரப்பிலேயே சுத்தும். அதுக்காகக் குழாயும், மேலே குழியும் சேர்ந்த ரெண்டும் ஒண்ணான பொறி ஒண்ணு செய்திருக்காங்க. வாங்கும்போது "அரிசிக்கா, பயறுக்கா"ன்னு கேட்டு வாங்கு.

6. அலையற குணத்தை நம்பி ஒரு முழு டப்பாவே இருக்கு. உள்ளே ஓட்டை போட்ட பாத்திரம், வெளியே இன்னொரு பாத்திரம், கீழே சேகரிக்கிற குப்பி. வண்டு தானா வெளியே வந்து விழும். 2 கிலோ அளவிலேர்ந்து 500 கிலோ வரைக்கும் செய்திருக்காங்க. கூட்டுக் குடும்பம், மெஸ், கல்யாண சமையல்காரங்களுக்கு இது லாபம். ரெண்டு பேர் இருக்கிற ஃபிளாட்டுக்கு வேண்டாம், இடத்தை அடைக்கும்.

எங்கே கேட்கிறதுன்னு முழிக்காதே. நவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி இருக்கு, சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. ரெண்டும் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான். போன் போட்டுப் பேசு, வெட்கம் என்ன? விவசாயிக்கு மட்டும்தான் பதில் சொல்வாங்கன்னு யார் சொன்னது?

சித்திரையில் வர்ற உளுந்து

டெல்டாவில் சம்பா, தாளடி அறுத்த வயலில் தை மாசம் உளுந்தும் பாசிப்பயறும் விதைப்பாங்க. பங்குனி, சித்திரையில் புதுப் பயறு சந்தைக்கு வரும். விலை இறங்கியிருக்கேன்னு காந்தி மார்க்கெட்டுக்குப் போய் வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி வருவே. வாங்கு, வேண்டாங்கலை. ஆனால் வாங்கின கையோட டிரம்மில் கொட்டாதே. வயலிலேர்ந்து எவ்வளவு வண்டு கூட வந்திருக்குன்னு முதல்ல சோதிச்சுப் பாரு.

அதுக்கும் மோகன் குழு ஒரு காட்டிக்கொடுக்கிற கருவி செய்திருக்கு. வீட்டிலேயே அதைப் போல ஒண்ணு செய்துக்கலாம். பிளாஸ்டிக் கப் ஒண்ணில் சுத்தியும் 3 மில்லிமீட்டர் ஓட்டை போடு. அதில் 200 கிராம் பயறு போட்டு மூடு. கீழே ஒரு தட்டில் வாஸ்லீன் தடவி, கப்பை அதன் மேல நிறுத்து. உள்ளே முட்டையோட வந்த பயறு இருந்தால், பொரிஞ்சு வர்ற வண்டு அலைஞ்சு அலைஞ்சு ஓட்டை வழியா விழுந்து தட்டில் ஒட்டிக்கும். ஒண்ணு ஒட்டின அன்னைக்கே வாங்கின மொத்தப் பயறையும் வெயிலுக்கு எடுத்துடு. தள்ளிப் போட்டால் அடுத்த மாசம் டிரம் முழுக்கப் பறக்கும்.

வெயில்னதும் மொட்டை மாடியில் பாயை விரிச்சுப் பரப்பிட்டுக் கீழே வந்துடாதே. சூடு தட்டினதும் வண்டு பறந்து போய்ச் சுவர் நிழலில் உட்கார்ந்துக்கும், சாயங்காலம் திரும்பி வரும். முட்டையும் புழுவும் அப்படியேதான் இருக்கும். இப்படிச் செய்:

• கீழே பாய், அதுக்கு மேல கறுப்பு பாலிதீன். பயறை மெல்லிசாப் பரப்பு. மேலே கண்ணாடி மாதிரித் தெரிகிற பாலிதீன் போட்டு நாலு ஓரமும் செங்கல் வை.

• பயறுக்குள்ளே சூடு 57 டிகிரி செல்சியஸ் ஏறி ஒரு மணி நேரம் நின்னால் முட்டையிலேர்ந்து வண்டு வரைக்கும் எதுவும் தப்பாது. திருச்சி சித்திரை வெயிலில், மூடின பாலிதீனுக்குள்ளே இது முடியாத காரியம் இல்லை. உச்சி நேரத்தில் ரெண்டு, மூணு மணி நேரம் விடு.

• சூட்டோட டப்பாவில் அடைக்காதே. உள்ளே வேர்க்கும். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலையில் அடை. பல்லில் கடிச்சால் டக்குன்னு உடையணும். அந்தச் சத்தம் வரலைன்னா ஈரம் இருக்கு.

• அரிசிக்கு இந்த வேலை வேண்டாம். சுள்ளுன்னு வெயிலில் போட்ட அரிசி வெடிக்கும், குருணையாகும். குருணை ஆனால் சிவப்பு மாவு வண்டுக்கு நீயே இலை போட்ட மாதிரி.

வெயிலில்லாத ஃபிளாட்டா? சின்ன அளவுன்னா ஃப்ரீசரில் நாலைந்து நாள் வை. எடுத்ததும் திறக்காதே, சூடு சமமாகிற வரைக்கும் பொட்டலம் மூடியே இருக்கட்டும், இல்லாட்டி ஈரம் கோத்துக்கும்.

பாட்டிங்க பயறுக்கு ஆமணக்கெண்ணெய் தடவினது மூடநம்பிக்கை இல்லை. கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் போதும், கையால் பிசிறி வை. முட்டை சரியா ஒட்டாது, ஒட்டினதும் மூச்சு முட்டிப் போகும். இன்னொரு குறுக்கு வழி: முழு உளுந்தைச் சேர்த்து வைக்காமல் உடைச்ச பருப்பா வாங்கு. பயறு வண்டுக்கு முழு மணிதான் பிடிக்கும்.

"வாசனை வில்லை வாங்கட்டுமா அக்கா?"

ஆன்லைனில் பார்த்துட்டு இதைத்தான் இப்போ எல்லாரும் கேட்கிறீங்க. விவசாயிங்க இனக்கவர்ச்சிப் பொறின்னு சொல்றதோட வீட்டு வடிவம். வாங்கறதுக்கு முன்னாடி வண்டு யாரை எதுக்குக் கூப்பிடுதுன்னு புரிஞ்சுக்கோ, பாதிக் காசு மிச்சமாகும்.

சேமிப்பு தானிய வண்டுகளின் வாசனையை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருந்த வெண்டெல் பர்க்ஹோல்டர். அவர் கண்ட ஒழுங்கு சுலபமானது. நிறைய நாள் வாழ்ந்து, தின்னுக்கிட்டே இருக்கிற வண்டு இனத்தில் வாசனை விடுவது ஆண். அது கூட்டத்தையே கூப்பிடும், ஆணும் வரும் பெண்ணும் வரும். மூக்கு வண்டு, மாவு வண்டு, நெல் துளைப்பான் எல்லாம் இந்த ரகம். ஒண்ணும் தின்னாமல் கொஞ்ச நாளில் சாகிற இனத்தில் வாசனை விடுவது பெண், அதுக்கு ஆண் மட்டும்தான் வரும். பயறு வண்டும் மசாலா வண்டும் இந்த ரகம்.

இதை உன் அலமாரிக்குப் பொருத்திப் பாரு. மசாலா வண்டுக்குன்னு வில்லை வாங்கித் தொங்கவிட்டால் மாட்டுறது ஆண் மட்டும். மாட்டாத ஓர் ஆண் இருந்தாலும் பல பெண்ணோட சேரும். முட்டை நிக்காது. அட்டையில் ஒட்டிக்கிட்டிருக்கிறதை எண்ணி நீ சந்தோஷப்படுவே, மல்லித்தூள் உள்ளே அதுபாட்டுக்கு நடக்கும். அதனால் அதை மணியடிக்கிற வேலைக்கு மட்டும் வை: எந்தத் தட்டில் வண்டு இருக்கு, எப்போ வருதுன்னு தெரிஞ்சுக்க. விழுந்ததும் பக்கத்தில் இருக்கிற பாக்கெட்டைத் தேடிப் பிடி.

மாவு வண்டோட வாசனை வேதிப்பொருள் என்னன்னு 1980-லேயே ஜப்பானில் சுசுகி என்ற ஆய்வாளர் கண்டுபிடிச்சுட்டார். அதுக்கு 4,8-டைமெத்தில்டெக்கனால்னு பேர். இத்தனை வருஷம் ஆகியும் ஏன் ஒரு வில்லையில் மில்லே சுத்தமாகிற மாதிரி வரலை? ஏன்னா நீ கிடங்கு முழுக்கச் சாப்பாடு அடுக்கி வெச்சுட்டு, மூலையில் துளியூண்டு வாசனையைக் காட்டி "இங்கே வா"ன்னா அது எதுக்கு வரும்? சுத்தியிருக்கிற மாவு வாசனையே பெரிய பொறி. நல்ல வில்லை செய்யப் பாடுபடுறவங்களுக்கு இதுதான் இன்னும் தீராத சிக்கல். ஆண் வண்டோட வாசனையோட கோதுமை முளை எண்ணெய் மாதிரி உணவு வாசனையைச் சேர்க்கிறாங்க, ரெண்டும் சேர்ந்தால் இழுப்பு கூடுது. வெளிச்சத்தையும் சேர்த்துப் பார்த்தாங்க. 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கண்ணுக்குத் தெரியற விளிம்பில் இருக்கிற 390 நானோமீட்டர் ஊதா எல்இடி விளக்குக்கு மாவு வண்டு நல்லா வந்திருக்கு.

வீட்டுக்காரிக்கு இதில் எடுத்துக்க வேண்டியது:

1. முதல்ல துடை, அப்புறம் பொறி வை. அலமாரி மூலையில் சிந்தின மாவு, மிக்ஸி அடியில் இருக்கிற தூள், மிஷினிலேர்ந்து வந்த பையின் மடிப்பு, இதெல்லாம் இருக்கிற வரைக்கும் எந்த வில்லையும் தோற்கும். ஈரத்துணி வேண்டாம், பிரஷ்ஷும் வேக்குவமும் போதும்.

2. காசே இல்லாமல் ஒரு பொறி. கூரியர் பெட்டியின் நெளி அட்டையைத் துண்டா வெட்டி, கொஞ்சம் கோதுமைத் தவிடும் ரெண்டு சொட்டு எண்ணெயும் தடவி, அலமாரியின் உள்மூலையில் வை. மாவு வண்டுக்கு நடு வெளி பிடிக்காது, சுவரை உரசிக்கிட்டுத்தான் நடக்கும், இடுக்கு கிடைச்சால் நுழைஞ்சுக்கும். ஒரு வாரம் கழிச்சு அட்டையை அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் குப்பைக்கு அனுப்பு. மறந்துட்டியோ, அதுவே பிரசவ ஆஸ்பத்திரி ஆயிடும். போனில் அலாரம் வை.

3. மாவு வண்டு வழவழப்பான சுத்தமான கண்ணாடியில் ஏறாது. அதனால் மாவு, ரவை எல்லாம் கண்ணாடி ஜாடியில் வை, வெளியே இருக்கிறது உள்ளே ஏறாது. மூக்கு வண்டு ஏறும், அதுக்கு இந்த வைத்தியம் செல்லாது.

4. வாசனை வில்லைக்குப் பக்கத்தில் வசம்பும் வேப்பிலையும் வைக்காதே. ஒரு பக்கம் கூப்பிடுவே, ஒரு பக்கம் விரட்டுவே. வசம்பு டப்பாவுக்குள்ளே, வில்லை அலமாரி மூலையில். தள்ளித் தள்ளி இருக்கட்டும்.

5. மின்விசிறிக்கு நேரா, அடுப்புக்கு மேல, ஜன்னல் வெயிலில் வில்லை வைக்காதே. வாசனை சீக்கிரம் பறந்துடும். பாக்கெட்டில் போட்டிருக்கிற வாரக் கணக்கு முடிஞ்சால் மாத்து. பிரிக்காததை ஃபிரிட்ஜில் வை.

மணச்சநல்லூரில் மில், கிடங்கு வெச்சிருக்கிற உறவுக்காரங்க இருந்தால் அவங்களுக்கு ஒரு வார்த்தை. வில்லையை நம்புறதுக்கு முன்னாடி அந்திக்கு மேல புற ஊதா விளக்குப் பொறி போடச் சொல்லு. 4 வாட் விளக்கு, தரையிலேர்ந்து ஒன்றரை மீட்டர் உயரம், கிடங்கின் மூலைகளில். நெல் துளைப்பானும் மாவு வண்டும் அங்கே கூட்டமா விழும். அந்த வெளிச்சத்தை நேராப் பார்க்கக் கூடாது, கண்ணுக்குக் கெடுதல். ராத்திரி ஆள் வேலை செய்கிற பக்கம் வேண்டவே வேண்டாம்.

கொட்டாரத்தைப் பார்த்தாவது கத்துக்கோ

ஸ்ரீரங்கம் கோவிலுக்குள்ளே கொட்டாரம் பார்த்திருக்கியா? உருண்டையா, மேலே கூம்பாட்டம் கட்டின பெரிய களஞ்சியங்கள். அதில் அரிசி கொட்டி வைக்கலை, நெல் கொட்டி வெச்சாங்க. உமி கிழியாமல் முழுசா மூடின நெல்லுக்குள்ளே மூக்கு வண்டு சுலபமா நுழையாது. அந்தக் காலத்து வீட்டுக் குதிரிலும் நெல்தான் இருந்தது, வேண்டியபோது வேண்டிய அளவு குத்திக்கிட்டாங்க. நீ உமியும் தவிடும் போன அரிசியை, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஐப்பசி மழைக்கு முன்னாடி 3 சிப்பம் வாங்கித் தரையில் போட்டு வைக்கிறே. வண்டு வராமல் என்ன செய்யும்?

உனக்காக நெல் குத்தச் சொல்லலை. ஆடியிலேர்ந்து மார்கழி வரைக்கும் மாசத்துக்கு வேண்டிய அரிசியை மட்டும் வாங்கு. சிப்பத்தைச் சுவரில் சாய்க்காதே, பலகை மேல வை. பழைய அரிசி மேல புது அரிசியைக் கொட்டாதே. அடியில் கிடக்கிற ஒரு பிடியில்தான் அத்தனை வண்டும் இருக்கும்.

நிறைய சேர்த்து வெச்சே ஆகணும்னா காற்றுப் புகாத டப்பாவை விளிம்பு வரைக்கும் நிரப்பி மூடு. பாதி காலியா இருந்தால் அந்தக் காற்றே அதுக்குப் போதும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகக்காரங்க 1980-களில் கேமரூன் நாட்டில் தட்டைப்பயறுக்காக மூணு அடுக்குப் பை செய்ததும் இதே யோசனையில்தான். உள்ளே இருக்கிற பிராணவாயுவை வண்டே தீர்த்துக்கிட்டுத் தானே அடங்கும். திறந்து திறந்து பார்த்தால் பலிக்காது.

இதைச் செய்தால் அடிதான்

• அலுமினியம் பாஸ்பைட் மாத்திரை. கடையில் "ஒரே மாத்திரை, மூட்டையே சுத்தம்"னு யாராவது நீட்டினால் அங்கேயே திருப்பிக் கொடு. 3 கிராம் மாத்திரை 1 கிராம் பாஸ்பீன் விஷவாயு விடும். மூடின வீட்டில் தூங்குறவங்க எழுந்திருக்க மாட்டாங்க. பயிற்சி பெற்றவங்க கிடங்கில் மட்டும் பயன்படுத்துறது அது.

• சாப்பிடுற அரிசியில் போரிக் பவுடர் கலக்காதே. கழுவினால் போயிடும்னு சொல்றவங்க வீட்டில் நீ சாப்பிடாதே.

• அந்துருண்டை துணிக்கு. அரிசி அலமாரியில் கண்ணில் படக்கூடாது.

• கொசு ஸ்பிரேயை டப்பாவுக்குள்ளே அடிச்சுட்டுத் துடைக்கிறதா? என் வாயில் வேறு ஏதாவது வந்துடும்.

• வசம்பைப் பொடிச்சுக் கலக்காதே. துணியில் கட்டின துண்டு போதும், வாடை போனதும் மாத்து.

கடைசியா, எல்லாரும் கூச்சத்தோட கேட்கிறது: வண்டு வந்ததைச் சமைக்கலாமா? அரிசியில் மூக்கு வண்டுன்னா சலிச்சு, தண்ணியில் ஊற வை. வண்டும் உள்ளே குடைஞ்ச மணியும் மிதக்கும், வடிச்சுட்டு நாலு தடவை களைஞ்சு பொங்கு. பயறில் அங்கங்கே ஓட்டைன்னா பொறுக்கி எடு, பிடிக்குப் பாதி ஓட்டைன்னா கோழிக்குப் போடு. மாவு இளஞ்சிவப்பா மாறி நெடி அடிச்சால் மட்டும் சலிச்சு மிச்சம் பிடிக்கப் பார்க்காதே. சலிச்சால் வண்டு போகும், அது விட்ட நெடி போகாது. பையில் கட்டிக் குப்பையில் போட்டுட்டு, ஜாடியைச் சுடுதண்ணியில் கழுவி, நல்லாக் காயவிட்டு, ஒரு கிலோ மட்டும் புதுசா அரைச்சுக்கோ.